மூன்றாம் இடத்துக்கு என்ன பெறுமதி? பிளே ஓஃப் பற்றிய இழை

முள்ளியவளை வாசகரின் கூற்று, 25 மே 2025

"நேற்றிரவு இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் இரண்டாம் பிரிவில், மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே ஓஃப் இறுதியில் ஷெஃபீல்ட் யுனைடெட் சண்டர்லண்டிடம் தோற்றதைப் பார்த்த பிறகு ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். 46 ஆட்டங்கள் ஆடி 90 புள்ளி பெற்ற அணி கீழேயே நிற்கிறது. 76 புள்ளி பெற்ற சண்டர்லண்ட் மேற்பிரிவான பிரீமியர் லீக்குக்குப் போகிறது. ஒன்பது மாத உழைப்பை ஒரே மாலையில் பறித்து இன்னொருவரிடம் கொடுப்பதற்குப் பெயர் பிளே ஓஃப். இதை நியாயம் என்று சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் காரணத்தோடு எழுதட்டும்."

25 மே 2025, இரவு

நான் எழுதுகிறேன். ஆனால் உங்கள் கூற்றில் பாதியை நானும் ஏற்றுக்கொண்டவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கே கிளிநொச்சியில் இரவு ஏழரைக்குத் தொடங்கிய அந்த ஆட்டத்தை நானும் கடைசி விசில் வரை பார்த்தேன். டைரீஸ் கம்பெல் முதற்பாதியிலேயே ஷெஃபீல்டுக்கு ஒரு கோலைப் பெற்றுக்கொடுத்தார். அடுத்து ஹரிசன் பரோஸ் அடித்த கோல் காணொளி மத்தியஸ்தத்தில் நீக்கப்பட்டது. 76ஆவது நிமிடத்தில் மயெண்டா ஆட்டத்தைச் சமப்படுத்தினார். 90 நிமிடங்களுக்குப் பின்னர் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் 19 வயதுப் பையன் டொம் வொட்சன் அடித்த பந்து மூலையில் போய் விழுந்தது. அந்த சண்டர்லண்ட் அணி பருவத்தின் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்றுவிட்டுத்தான் பிளே ஓஃபுக்கு வந்தது. ஆகவே உங்கள் முறைப்பாடு நீங்கள் எழுதியதைவிடவும் வலுவானது.

இந்தச் சுற்றின் அமைப்பைப் பலர் முழுமையாகக் கவனிப்பதில்லை. 2024–25 பருவத்தின் விதி இது: சம்பியன்ஷிப் எனப்படும் அந்த இரண்டாம் பிரிவில் 24 அணிகள். முதல் இரண்டு அணிகளும் நேரடியாக ஏறுகின்றன. மூன்றாம் அணி ஆறாம் அணியோடும், நான்காம் அணி ஐந்தாம் அணியோடும் ஆளுக்கொரு முறை சொந்த மைதானத்தில் ஆடி, வென்ற இரு அணிகளும் ஏறும் மூன்றாவது இடத்துக்காக லண்டனின் வெம்பிளி மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் மோதுகின்றன. மூன்றாம் இடத்தில் வந்ததற்குக் கிடைக்கும் ஒரே பலன், அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் ஆடலாம் என்பதுதான். வெம்பிளியில் அந்தப் பலனும் இல்லாமற் போகிறது. அங்கே 90 புள்ளியும் 76 புள்ளியும் ஒன்றுதான். பிளே ஓஃப் என்ற ஒன்று இருப்பதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. புள்ளிப்பட்டியல் கடைசி நாளில் முற்றாக மறக்கப்படுவதுதான் என் முறைப்பாடு.

26 மே 2025, காலை

ஒரு திருத்தம். ஷெஃபீல்ட் யுனைடெட் களத்தில் பெற்றது 92 புள்ளிகள். பிற கழகங்களுக்குக் கொடுக்கவேண்டிய பணத்தைத் தாமதித்ததற்காக இரண்டு புள்ளிகள் கழிக்கப்பட்டதால் பட்டியலில் 90 என்று நிற்கிறது. லீட்ஸும் பேர்ன்லியும் தலா 100 புள்ளி பெற்றிருந்ததால் அந்தக் கழிவு இடத்தை மாற்றவில்லை. ஆனால் சண்டர்லண்டோடு ஒப்பிடும்போது இடைவெளி 14 அல்ல, 16 என்றே கொள்ளவேண்டும்.

27 மே 2025

பரந்தனிலிருந்து ஒரு தம்பி, "உங்களுக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை?" என்று கேட்டிருக்கிறார். கேட்டதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் பிரதேச லீக்கின் இரண்டாம் பிரிவில் எட்டு அணிகள் ஆடின. ஒவ்வோர் அணியும் மற்றைய அணிகளோடு இரண்டு முறை ஆடினால் 14 ஆட்டங்கள். 2015 வரை முதல் இரண்டு அணிகளும் நேரடியாக முதலாம் பிரிவுக்கு ஏறின. 2016இல் விதி மாறியது. முதலாம் அணி மட்டும் நேரடியாக ஏறும், இரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடம் வரையான நான்கு அணிகளும் பொது மைதானத்தில் ஒற்றை ஆட்டங்களாக மோதி மற்றைய இடத்தைத் தீர்மானிக்கும் என்றார்கள். அந்த வருடம் நான் எங்கள் கழகத்தின் கோல் காப்பாளர். நாங்கள் 31 புள்ளிகளோடு இரண்டாம் இடத்தில் முடித்தோம். அரையிறுதியில் எங்களுக்கு வந்த ஐந்தாம் அணிக்கு 18 புள்ளிகள். லீக்கில் அவர்களை இரண்டு முறையும் வென்றிருந்தோம்.

ஆட்டம் நாலரைக்கு என்று அறிவித்தார்கள். முன்னைய ஆட்டம் இழுபட்டு, பிரமுகர்கள் உரையாற்றி, பந்து உருளத் தொடங்கும்போது ஐந்தைத் தாண்டியிருந்தது. 1–1 என்று முடிந்தது. வெளிச்சம் போதாது என்பதால் மேலதிக நேரம் இல்லை, நேரே தண்ட உதை (பெனால்டி) என்று மத்தியஸ்தர் சொன்னார். செப்டெம்பர் மாதத்தில் ஆறே காலுக்குப் பிறகு எங்கள் மைதானத்தில் பந்து வெள்ளையா சிவப்பா என்று கூடத் தெரியாது, மண்ணும் செம்மண். உழவு இயந்திரப் பெட்டிகளில் வந்திருந்த எங்கள் ஊர்ச் சனம் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி விளக்கைப் போட்டது. அந்த வெளிச்சம் உதைப்பவரின் முதுகிலிருந்து என் கண்ணுக்குள் அடித்தது. ஐந்து உதைகளில் மூன்றை நான் பார்க்கவே இல்லை, சத்தத்தைத்தான் கேட்டேன். 3–2 என்று தோற்றோம்.

திரும்பி வரும்போது பெட்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. எங்கள் நடுக்கள வீரர்கள் இருவர் அந்த மாரிக்குள் வெளிநாடு போய்விட்டார்கள். அந்தப் பதினொருவரும் சேர்ந்து ஆடிய கடைசி ஆட்டம் அதுதான்.

27 மே 2025, பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். ஒரு விடயத்தில் நேர்மையாக இருக்கவேண்டும். அதே கம்பத்துக்குள்தான் எதிரணியின் கோல் காப்பாளரும் நின்றார், அதே விளக்குத்தான் அவர் கண்ணிலும் அடித்தது. ஆகவே இருட்டு எங்களுக்கு மட்டும் அநியாயம் செய்தது என்று நான் சொல்லமுடியாது. பல வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். இருட்டு இரு பக்கத்துக்கும் பொதுவானது என்றாலும் அதன் விளைவு இரு பக்கத்துக்கும் ஒன்றல்ல. திறமையால் தீரவேண்டியதை எந்த அளவுக்குக் குருட்டு வாய்ப்பிடம் ஒப்படைக்கிறோமோ, அந்த அளவுக்குப் பட்டியலில் கீழே இருக்கும் அணியே இலாபம் அடைகிறது. 18 புள்ளி அணிக்கு எங்களை வெல்லப் பத்தில் மூன்று வாய்ப்பு இருந்திருந்தால், தண்ட உதை அதைப் பத்தில் ஐந்தாக்கியது. ஒற்றை ஆட்டம், பொது மைதானம், மேலதிக நேரம் இல்லாமை, தண்ட உதை ஆகிய ஒவ்வொன்றும் அந்தத் தராசை ஒவ்வொரு படியாகச் சமன் செய்துகொண்டே போகிறது. ஏற்பாட்டாளர்கள் இவற்றைத் தனித்தனியே, வசதி கருதித் தீர்மானிக்கிறார்கள். எல்லாம் சேரும்போது என்ன ஆகிறது என்று எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

29 மே 2025

"இதை யார், எதற்காகத் தொடங்கினார்கள்?" என்ற கேள்விக்கு.

இங்கிலாந்தில் இன்றைய பிளே ஓஃப் 1986–87 பருவத்தில் வந்தது. முதல் இரண்டு வருடங்களும் அதற்கு வேறொரு வேலையும் இருந்தது. முதலாம் பிரிவை 22 அணிகளிலிருந்து 20 ஆகக் குறைக்கவேண்டியிருந்ததால் மேற்பிரிவில் தத்தளித்த ஓர் அணியையும் கீழ்ப்பிரிவின் மூன்று அணிகளோடு சேர்த்து மோதவிட்டார்கள். 1987இல் மேற்பிரிவு அணியான சார்ல்ட்டன், லீட்ஸை மூன்றாவது ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் வென்று தப்பியது. 1988இல் செல்சி மிடில்ஸ்பரோவிடம் தோற்று இறங்கியது. 1990இலிருந்து இறுதிப் போட்டி வெம்பிளியில் ஒற்றை ஆட்டமானது.

அந்த முதல் வருடத்தில் யார் பாதிக்கப்பட்டார்கள் என்பதையும் பாருங்கள். இரண்டாம் பிரிவில் மூன்றாம் இடத்தில் வந்த ஓல்ட்ஹம், பழைய விதிப்படி நேரே ஏறியிருக்கவேண்டிய அணி, நான்காம் இடத்து லீட்ஸிடம் இரு ஆட்டங்களின் மொத்தக் கோல்களும் சமமாக இருந்தும், எதிரணி மைதானத்தில் அடித்த கோல் கணக்கில் வெளியேறியது. முள்ளியவளை வாசகரின் முறைப்பாட்டுக்கு வயது 38 ஆகிறது.

இதைவிடப் பழைய கதையும் உண்டு. 1890களில் மேற்பிரிவின் கடைசி அணிகளையும் கீழ்ப்பிரிவின் முதல் அணிகளையும் சோதனை ஆட்டங்களில் மோதவிட்டே யார் எங்கே ஆடுவது என்று தீர்மானித்தார்கள். 1898இல் ஸ்டோக்கும் பேர்ன்லியும் கடைசி ஆட்டத்தில் சந்தித்தபோது, சமநிலையில் முடிந்தால் இருவருக்கும் மேற்பிரிவில் இடம் உறுதி என்ற நிலை. கோலை நோக்கி ஒருவரும் உதைக்காமல் 0–0 என்று முடித்தார்கள். பார்க்க வந்தவர்கள் கோபத்தில் பந்தை வெளியே வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்க மறுத்தார்கள். அதன் பின்னர் அந்த முறை கைவிடப்பட்டு நேரடி ஏற்றமும் இறக்கமும் வந்தன. ஆகவே நேரடி ஏற்றம் என்பதே ஒரு பிளே ஓஃப் கெட்டுப்போனதால் பிறந்த விதி. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்னர் வருவேன்.

29 மே 2025, சற்றுப் பின்னர்

1990ஐ விட்டுவிட்டேன். ஆறாம் இடத்து சண்டர்லண்ட், மூன்றாம் இடத்து நியூகாசிலை அரையிறுதியில் வென்று, இறுதியில் ஸ்விண்டனிடம் 1–0 என்று தோற்றது. ஸ்விண்டனின் பணக் கணக்கில் முறைகேடு நிரூபணமானதால் அதன் ஏற்றம் பறிக்கப்பட்டுத் தோற்ற சண்டர்லண்ட் மேலே அனுப்பப்பட்டது. நியூகாசில் இருந்த இடத்திலேயே நின்றது. மூன்றாம் இடத்தை மதிக்காமல் விடுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

1 ஜூன் 2025

புள்ளிப்பட்டியல் எதை அளக்கிறது என்று ஒட்டுசுட்டான் ஐயா ஒருவர் கேட்டிருக்கிறார். அது நல்ல கேள்வி. பட்டியல் திறமையை அளக்கிறது என்று நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டு பேசுகிறோம்.

எங்கள் லீக் ஜூன் கடைசியில் தொடங்கி, மழைக்கு முன்னர், செப்டெம்பரில் முடியும். அதன் கடைசிச் சுற்றுகள் சிறுபோக அறுவடையோடு மோதும். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஊர்களின் அணிகள் அந்த நாட்களில் பதினொருவரைத் திரட்டவே அல்லற்படும். கரையோர அணிகளுக்குக் காற்றும் கடலும் வேறு கணக்கு வைத்திருக்கும். சந்தியை அண்டிய அணிகளில் கடைகளில் வேலை செய்யும் பையன்களுக்குச் சனி, ஞாயிறில்தான் வேலை கூட. நான் அணி பார்த்த வருடங்களில், எந்த அணியிடம் பதினெட்டுப் பேர் இருந்தார்களோ, எந்த ஊரில் லொறி இலவசமாகக் கிடைத்ததோ, அந்த அணி ஒருமுறைகூட மூன்றாம் இடத்துக்குக் கீழே போகவில்லை. அதைத் திறமை இல்லை என்று சொல்லமாட்டேன், ஓர் ஊரை ஒழுங்கு செய்வதும் திறமைதான். ஆனால் பட்டியல் பந்தோடு சேர்த்து வேறு பலவற்றையும் அளக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஜூனில் தொடங்கிய அணியும் செப்டெம்பரில் நிற்கும் அணியும் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. விசா வந்தவன் போய்விடுவான், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவன் சேர்ந்துவிடுவான். செப்டெம்பரில் எந்த அணி பலமானது என்று அறிய விரும்பினால், ஜூலையில் பெற்ற புள்ளிகள் ஓரளவு பழைய செய்திதான். இது பிளே ஓஃபுக்குச் சார்பான வாதம் என்பது எனக்குத் தெரியும். தோற்ற கோல் காப்பாளனாக இருந்துகொண்டு இதை ஒப்புக்கொள்ள எனக்கு நீண்ட காலம் எடுத்தது.

2 ஜூன் 2025

வவுனியாவிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார்: "ஸ்பெயினில் செய்வதுபோல் மேலே வந்த அணிக்குச் சமநிலையே போதும் என்று வைத்தால் உங்கள் இருட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடுமே."

அருமையான யோசனை. ஸ்பெயினின் இரண்டாம் பிரிவுப் பிளே ஓஃபில் இரண்டு ஆட்டங்களும் மேலதிக நேரமும் முடிந்த பிறகும் சமம் என்றால் தண்ட உதை இல்லை, பட்டியலில் மேலே வந்த அணியே செல்லும். இத்தாலியின் இரண்டாம் பிரிவான சீரி பி-யிலும் இதையொத்த விதி உண்டு. இத்தாலியர்கள் இன்னொன்றும் செய்தார்கள். மூன்றாம் அணி நான்காம் அணியைவிடப் பெரிய இடைவெளியில் முன்னே நின்றால் பிளே ஓஃபே நடத்துவதில்லை. 2006–07இல் யுவென்டஸ், நாப்போலி, ஜெனோவா ஆகிய மூன்றும் நேரடியாக ஏறியதற்கு அதுவே காரணம். ஜெனோவா 78, நான்காம் இடத்து பியாச்சென்சா 68. புள்ளிப்பட்டியலையும் பிளே ஓஃபையும் ஒன்றுக்கொன்று எதிரியாக வைக்காமல் ஒன்றை மற்றொன்றுக்குள் கொண்டுவந்த விதிகள் இவை. 2016இல் எங்களுக்கு இந்த விதி இருந்திருந்தால் அந்த 1–1 எங்களை இறுதிக்கு அனுப்பியிருக்கும்.

2 ஜூன் 2025, இரவு

அவசரப்பட்டுவிட்டேன். 2023இல் ஸ்பெயினில் நடந்ததையும் வைத்துப் பார்க்கவேண்டும். மூன்றாம் இடத்து லெவான்டேயும் நான்காம் இடத்து அலாவெஸும் இறுதியில். முதல் ஆட்டம் 0–0. லெவான்டேயின் மைதானத்தில் இரண்டாவது ஆட்டமும் மேலதிக நேரத்தின் கடைசிக் கணம் வரை 0–0. சமநிலையே போதும் என்ற லெவான்டே ஏறிவிட்டது என்று எல்லோரும் எழுந்து நின்ற நேரத்தில், 129ஆவது நிமிடத்தில் ஒரு தண்ட உதை வழங்கப்பட்டு வில்லாலிப்ரே அதைக் கோலாக்கினார்.

இதில் அநியாயம் எதுவும் இல்லை. ஆனால் சமநிலை போதும் என்று சொல்லப்பட்ட அணி எப்படி ஆடும் என்பதை அது காட்டுகிறது. 1898இன் ஸ்டோக்கையும் பேர்ன்லியையும் நினைத்துப் பாருங்கள். அவர்களைக் கெடுத்ததும் சமநிலையின் பெறுமதிதான். சமநிலைக்கு அளவுக்கு மீறிய விலை வைத்தால், மேலே வந்த அணி முன்னேறி ஆடுவதை நிறுத்திவிடும். சனம் பார்க்க வருவது அதற்காக அல்ல. ஆகவே அக்காவின் யோசனையை நான் விடவில்லை, ஆனால் அது எல்லாவற்றையும் தீர்க்கும் என்று காலையில் நினைத்த அளவுக்கு இப்போது நினைக்கவில்லை.

5 ஜூன் 2025

இதுவரை நியாயத்தைப் பற்றியே எழுதினோம், ஈர்ப்பைப் பற்றி எவரும் எழுதவில்லை.

2023இல் லூட்டன் கொவென்றியை வெம்பிளியில் தண்ட உதையில் 6–5 என்று வென்று பிரீமியர் லீக்குக்குப் போனதை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இருபது பேருக்கு மேல் இருந்து பார்த்தோம். 2014 வரை ஐந்து வருடங்கள், நான்கு பிரிவுகள் கொண்ட லீக் அமைப்புக்கே வெளியே கிடந்த கழகம் அது. அப்போது அதன் மைதானம் பத்தாயிரம் பேர் அளவில்தான் கொண்டது, ஒரு பக்க வாசல் வீடுகளின் வரிசைக்குள்ளால் போகிறது. வெளியே கிடந்த காலத்தில் சேர்ந்த ருடொக் ம்பான்சு அந்த இறுதியிலும் ஆடினார். லூட்டன் அந்த வருடம் மூன்றாம் இடத்து அணி என்பதை முள்ளியவளை வாசகர் கவனிக்கவேண்டும். பிளே ஓஃப் மூன்றாம் அணியை எப்போதும் கவிழ்ப்பதில்லை.

அதே 2023இல், ஒரு படி கீழே, 96 புள்ளியோடு மூன்றாம் இடத்தில் வந்த ஷெஃபீல்ட் வென்ஸ்டே, 77 புள்ளி பெற்ற பீற்றர்பரோவிடம் முதல் ஆட்டத்தில் 4–0 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டத்தில் சேர்த்த நேரத்தின் எட்டாவது நிமிடத்தில் நான்காவது கோலை அடித்துச் சமப்படுத்தி, தண்ட உதையில் கடந்து, இறுதியில் பார்ன்ஸ்லியை 123ஆவது நிமிடக் கோலால் வென்று ஏறியது. முன்னரே நேராக ஏறியிருந்தால் அந்த ஊரின் பிள்ளைகள் இப்படி ஓர் இரவைக் கண்டிருக்க மாட்டார்கள். இதை ஒரு வாதமாக வைக்க எனக்குத் தயக்கம் உண்டு, ஏனென்றால் தப்பியவர்களின் கதை இனிமையாக இருப்பது இயல்பு. தோற்ற பக்கத்தில் நின்றவன் நான்.

7 ஜூன் 2025

எனக்கு இந்த விடயத்தில் மனம் மாறியது வெம்பிளியைப் பார்த்து அல்ல. எங்கள் லீக்கின் புள்ளிக் கணக்கு எழுதும் சி.ஆர். கொப்பியைப் பார்த்துத்தான்.

2016இல் பட்ட அடிக்குப் பிறகு நாங்களும் வேறு மூன்று கழகங்களும் எழுத்தில் முறையிட்டோம். 2017இல் பிளே ஓஃப் நீக்கப்பட்டது, பழையபடி முதல் இரண்டு அணிகளும் ஏறும் என்றார்கள். நான் முழங்கால் உபாதையால் ஆடுவதை நிறுத்தியிருந்ததால் புள்ளிக் கணக்கு எழுதும் வேலை என்னிடம் வந்தது. பத்தாவது சுற்று முடியும்போது மேலே மூன்று அணிகள் தனியே பிரிந்துவிட்டன. மற்றைய ஐந்து அணிகளுக்கும் ஏற வழியில்லை, எங்கள் லீக்கில் இறக்கமும் இல்லை. அதன் பிறகு அறுவடை வந்தது. கடைசி மூன்று சுற்றுகளின் 12 ஆட்டங்களில் ஐந்து வோக் ஓவர், அதாவது எதிரணி வராததால் ஆடாமலே கிடைத்த வெற்றி. கொப்பியில் "வரவில்லை, 3 புள்ளி" என்று எழுதி எழுதி என் கை சலித்தது.

அந்த இலவசப் புள்ளிகள் எல்லோருக்கும் சமமாகப் போகவில்லை என்பதுதான் கதை. மேலே நின்ற மூன்று அணிகளில் ஒன்றுக்கு இரண்டு வோக் ஓவர், இன்னொன்றுக்கு ஒன்று, மூன்றாவது அணிக்கு ஒன்றுமே இல்லை. அதற்கு வந்த எதிரணிகள் எல்லாம் தவறாமல் வந்து உயிரைக் கொடுத்து ஆடின. அந்த அணி இரண்டு புள்ளி வித்தியாசத்தில் மூன்றாம் இடத்தில் முடித்தது, ஏறவில்லை. பிளே ஓஃப் இல்லாத, பட்டியல் மட்டுமே தீர்மானித்த வருடம் அது.

முள்ளியவளை வாசகரே, உங்கள் வாதத்தின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பட்டியல் தூய்மையானது, பிளே ஓஃப் வந்து அதைக் கெடுக்கிறது என்பதே அது. பட்டியலை நான் என் கையால் எழுதியவன். கீழே நிற்பவனுக்கு வந்து ஆடக் காரணம் இருக்கும் வரைக்கும்தான் மேலே நிற்பவனின் புள்ளிக்கும் பெறுமதி. எட்டாம், பத்தாம் இடத்தில் உள்ள அணிகள் ஆறாம் இடத்தைத் துரத்திக்கொண்டிருக்கும்போது, மூன்றாம் அணியின் 90 புள்ளியும் கடுமையாக ஆடியவர்களிடமிருந்து பெற்ற 90 புள்ளியாகிறது.

2018இல் நான் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தேன். பிளே ஓஃபை மீண்டும் கொண்டுவரும்படி கேட்டவர்களில் நானும் ஒருவன். 2016இல் என்னோடு முறையிட்டவர்கள் சிலர் என்னோடு சில காலம் கதைக்கவில்லை. அதே அறுவடை, அதே வயல்கள், அதே பையன்கள். கடைசிச் சுற்று வரை ஏழு அணிகளுக்கு ஐந்தாம் இடம் எட்டக்கூடியதாக இருந்தது. ஒரு வோக் ஓவர்கூட இல்லை. வெட்டு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காலில் வைக்கோல் தூசியோடு வந்து சப்பாத்து மாட்டியவர்களை நான் கண்டேன்.

8 ஜூன் 2025

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 2018இல் ஒரு வோக் ஓவர் இருந்தது, 13ஆவது சுற்றில். செத்தவீட்டுக்காக ஓர் ஊர் முழுவதும் வரவில்லை. நேற்று எழுதியதைத் திருத்திக்கொள்ளவும்.

11 ஜூன் 2025

முள்ளியவளை வாசகர் பதில் எழுதியிருக்கிறார். சுருக்கமாக: "வோக் ஓவர் எங்கள் மைதானங்களின் நோய். இங்கிலாந்தில் எந்த அணியும் வராமல் இருப்பதில்லை. அங்கே அந்த வாதம் செல்லாது. அப்படியே செல்லும் என்றாலும், 2023இல் நொட்ஸ் கவுன்டிக்கு நடந்ததற்கு என்ன சொல்கிறீர்கள்?"

முதற்பகுதிக்கு: அங்கே அணி வரும். ஆனால் எதற்கும் வழியில்லாத அணி தன் முதல்தர வீரர்களை ஓய்வில் வைத்து அடுத்த பருவத்துக்கான பையன்களை இறக்குவதும் அரைவாசி வேகத்தில் ஆடுவதும் உலகம் முழுவதும் நடப்பதுதான். அளவு குறைவு, வகை ஒன்று.

இரண்டாம் பகுதிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்த வருடம் இங்கிலாந்தின் ஐந்தாம் படியான நஷனல் லீக்கில் ரெக்ஸம் 111 புள்ளி, நொட்ஸ் கவுன்டி 107 புள்ளி. நேரடி ஏற்றம் ஒரே ஓர் அணிக்குத்தான். 107 புள்ளி பெற்ற அணி, அரையிறுதியில் இரண்டு கோல் பின்தங்கி 120ஆவது நிமிடத்தில் தப்பி, வெம்பிளியில் 84 புள்ளி பெற்ற செஸ்டர்ஃபீல்டைத் தண்ட உதையில் வென்றுதான் ஏறியது. அவர்கள் ஏறினார்கள் என்பதற்காக அந்த விதி சரியாகிவிடாது. 23 புள்ளி இடைவெளிக்கு மேலாக ஓர் ஆட்டத்தை வைப்பது பட்டியலை அவமதிப்பது. அந்த இடத்தில் ஜெனோவாவுக்குக் கிடைத்த விதி இருந்திருக்கவேண்டும். எங்கள் 2016க்கும் அதே விதிதான் தேவைப்பட்டது. எங்களுக்கும் அந்த அணிக்கும் இடையே 14 ஆட்டங்களில் 13 புள்ளி.

ஆகவே நான் நிற்கும் இடம் இதுதான்: ஐந்தாம் அணிக்கும் ஆறாம் அணிக்கும் கதவு திறந்திருக்கவேண்டும், ஏனென்றால் அந்தக் கதவுதான் பட்டியலை உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால் மேலே முடித்த அணிக்கு அந்தக் கதவருகே ஒரு கையளவு உயரமான படி கிடைக்கவேண்டும். கடைசி ஆட்டம் வரை அந்தப் படி இருக்கவேண்டும்.

12 ஜூன் 2025

மாங்குளத்துத் தம்பி ஐ.பி.எல். முறையைக் கேட்டிருக்கிறார். அங்கே முதல் இரண்டு அணிகளுக்கும் ஒருமுறை தோற்றாலும் மறு வாய்ப்பு உண்டு. நல்ல முறைதான், ஆனால் அதற்கு மேலதிகமாக ஓர் ஆட்டம் தேவை. எங்களுக்கு ஒக்டோபர் மழைக்கு முன்னர் இரண்டு வார இறுதிகள்தான் மிஞ்சும்.

15 ஜூன் 2025

லீக் தொடங்க முன்னரான கூட்டம் இன்று பிற்பகல் நடந்தது. இந்த இழையில் பேசியவற்றிலிருந்து மூன்று பிரேரணைகளை எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று, பிளே ஓஃப் ஆட்டம் ஒவ்வொன்றும் பட்டியலில் மேலே முடித்த அணியின் மைதானத்தில் நடக்கவேண்டும், இறுதி உட்பட. நீண்ட விவாதம். இறுதியைப் பொது மைதானத்தில் வைத்தால்தான் வர்த்தகர்கள் பரிசு தருவார்கள், கச்சான் கடையும் ஐஸ்கிறீம் வானும் வரும் என்றார்கள். அது பொய்யல்ல. அரையிறுதிகளுக்கு மட்டும் ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டு, இரண்டாம் அணி மூன்றாம் அணியைவிட எட்டுப் புள்ளி அல்லது அதற்கு மேல் முன்னே நின்றால் பிளே ஓஃப் இல்லை, நேரடி ஏற்றம். இதைத் தோற்கடித்தார்கள். கடந்த முறை நான்காம், ஐந்தாம் இடத்தில் வந்த கழகங்களின் பிரதிநிதிகள் எதிராக வாக்களித்தார்கள். அவர்களுடைய இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று வரும் வழியில் யோசித்தேன். அடுத்த வருடம் பத்துப் புள்ளி என்று மாற்றிக் கொண்டுபோவேன்.

மூன்று, பிளே ஓஃப் ஆட்டங்கள் பிற்பகல் மூன்றே முக்காலுக்குத் தொடங்கவேண்டும், ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம், உரைகள் ஆட்டம் முடிந்த பிறகு. மேலதிக நேரமும் ஆடி, தண்ட உதையும் ஐந்தும் உதைத்தாலும் வெளிச்சம் இருக்கும். இதற்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. கூட்ட அறிக்கையில் நேரத்தை எழுதும்போது "3.45, தவறாமல்" என்று எழுதும்படி செயலாளரிடம் கேட்டேன், எழுதினார்.

முள்ளியவளை வாசகர் செப்டெம்பரில் அரையிறுதி பார்க்க வருவதாக எழுதியிருக்கிறார். மேற்குப் பக்கக் கம்பத்துக்குப் பின்னால் ஒரு வேம்பு நிற்கிறது, நிழல் நல்லது. அங்கே நிற்பேன்.